காலேஜ்ல வாங்கி குடுத்த ஏஐ பேக்கேஜ்: ஒரு செமஸ்டர் முழுசா யூஸ் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், ஆப் மோசம் கெடையாது. அத வாங்குன விதமும், அத காட்டி எங்கள வேல வாங்குற விதமும் தான் பிரச்சன. ரெண்டையும் போட்டு கொழப்பிக்காம படிங்க. இப்ப வில்லியனூர் பக்கம் ஒரு காலேஜ், விருத்தாசலம் பக்கம் ஒரு காலேஜ்னு அதே கம்பெனி ஆளுங்க லேப்டாப்ப தூக்கிட்டு டெமோ குடுத்துட்டு இருக்காங்களாம், அங்க இருக்கற ஸ்டாஃப் யாராச்சும் தேடினா உருப்படியா ஒரு ரிவ்யூ கெடைக்கணுமேன்னு தான் உக்காந்து டைப் பண்றேன்.

கம்பெனி பேரும் போட மாட்டேன், காலேஜ் பேரும் போட மாட்டேன், இன்னும் அங்க தான் சம்பளம் வாங்குறேன். கடலூர்ல இருந்து பாண்டி போறப்ப பஸ் ஜன்னல்ல தெரியற காலேஜ்ல ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. நான் கெமிஸ்ட்ரி. பேரே இல்லாத ரிவ்யூ எதுக்குன்னு கேப்பீங்க. காலேஜுக்கு விக்கற இந்த மாதிரி பேக்கேஜ் பெரும்பாலும் உள்ள பெரிய கம்பெனி மாடல் ஏதோ ஒண்ண வெச்சுக்கிட்டு மேல தன்னோட லோகோவ போட்டு நம்ம ஊர் ஃபார்மட்ட சேத்து விக்கறது தான், அதனால ஒண்ண பத்தி சொன்னா மத்ததுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

உள்ள என்ன இருக்குன்னா, லெசன் பிளான், கொஸ்டின் பேப்பர், சிஓ பிஓ மேப்பிங் (பாடம் முடிஞ்சா புள்ளைக்கு என்ன தெரியணும்ங்கறது சிஓ, டிகிரி முடிஞ்சா என்ன தெரியணும்ங்கறது பிஓ, ரெண்டையும் சேத்து காட்டற டேபிள்), பிபிடி, ரிசர்ச் அசிஸ்டன்ட், ஏஐ எழுதுனதான்னு கண்டுபுடிக்கற டிடெக்டர், அப்புறம் இன்னொவேஷன்னு தனியா ஒரு டேப். டெமோ அன்னிக்கு செமினார் ஹால்ல பேனர்லயே ஆசிரியர்களின் புதுமைத் திறனை வளர்க்கும் செயற்கை நுண்ணறிவுன்னு எங்க பிரின்சிபால் போட்டோவ விட பெருசா போட்டுருந்தாங்க. அதனால அந்த புதுமை வளந்துச்சா இல்லையாங்கறத தான் முக்கியமா பாக்க போறேன், மத்தத சட்டுனு சொல்லிட்டு போயிடுறேன்.

நல்லது மொதல்ல. கொஸ்டின் பேப்பர். இன்டர்னலுக்கு பேப்பர் செட் பண்றதுன்னா என்னன்னு இந்த வேலைல இருக்கறவங்களுக்கு தெரியும், 2 மார்க், 5 மார்க், 10 மார்க், ஒவ்வொரு கேள்விக்கு பக்கத்துலயும் எந்த சிஓ, யோசிக்கற லெவல் கே1ஆ (நெனவுல இருந்து எழுதறது) கே2ஆ (புரிஞ்சுக்கறது) கே4ஆ (பகுப்பாய்வு)ன்னு போடணும். ப்ளூம்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் 1956ல தன்னோட ஆளுங்களோட சேந்து போட்ட அடுக்கு அது, 2001ல திருத்துனாங்க, பசங்க எந்த அளவுக்கு யோசிக்கறாங்கன்னு பாக்க வந்த விஷயம், நம்ம ஊர்ல அத ஒரு கட்டம் ஃபில் பண்ற வேலையா ஆக்கி வெச்சிருக்கோம். இந்த ஆப்ல யூனிட்டோட பிடிஎஃப்ப போட்டா ரெண்டு செட் பேப்பர் டேபிளோட, சிஓ நம்பரோட, நம்ம காலேஜ் லோகோவோட வந்துடுது. ஒரு ஞாயித்துக்கெழம முழுசா போற வேல சாயங்காலம் டீ குடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது, இத கொறச்சு பேசவே கூடாது, வீட்டுல கொழந்தைங்க வெச்சிருக்கற ஸ்டாஃப்க்கு அது பெரிய விஷயம்.

ஆனா அப்டியே பிரின்ட் போட்டுடாதீங்க. கே4 கேட்டா அது என்ன பண்ணுதுன்னா கே1 கேள்விக்கு முன்னாடி பகுப்பாய்வு செய்கன்னு ஒட்டி விடுது. எனக்கு வந்தது, "தாங்கல் கரைசலின் வரையறையை பகுப்பாய்வு செய்க." வரையறைய என்னத்த பகுப்பாய்வு பண்றது? மேல இருந்து பாக்கறவங்களுக்கு கே4 கட்டம் நெறஞ்சிருக்கும், எழுதற புள்ளைக்கு புக்குல இருக்கற நாலு வரிய எழுதிட்டு போனா முழு மார்க்.

நேரம் மிச்சமாகுதுன்னு நான் மட்டும் சொல்லல. எம்ஐடில ரெண்டு பேர் 2023ல சயின்ஸ் ஜர்னல்ல ஒரு ஆய்வு போட்டாங்க, டிகிரி முடிச்சு வேலைல இருக்கறவங்க 400 பேருக்கு மேல வெச்சு எழுத்து வேலை குடுத்து பாத்தாங்க, சாட்ஜிபிடி வெச்சு பண்ணவங்களுக்கு நேரம் 40 சதவீதம் கொறஞ்சுது, தரம் 18 சதவீதம் ஏறுச்சு. சரி, அந்த 40 சதவீதம் யார் பாக்கெட்டுக்கு போகுது? எங்க காலேஜ்ல அது எங்க கைக்கு வரவே இல்ல. முன்னாடி லெசன் பிளான் யூனிட்டுக்கு ஒண்ணு, இப்ப பீரியடுக்கு ஒண்ணு. முன்னாடி செமஸ்டர் முடிவுல பசங்க எவ்ளோ கத்துக்கிட்டாங்கன்னு ஒரு அட்டெயின்மென்ட் ரிப்போர்ட், இப்ப ஒவ்வொரு இன்டர்னலுக்கும். ஏன்னு கேட்டா "ஆப் தான் இருக்கே மேடம், அஞ்சு நிமிஷ வேல தான" அப்டின்றாங்க. அஞ்சு நிமிஷ வேல பத்து குடுத்தா அம்பது நிமிஷம், அந்த அம்பது நிமிஷம் தான் முன்னாடி லேப்ல பசங்களோட நின்னு ஏதாச்சும் புதுசா ட்ரை பண்ற நேரம். ஆப் மேல தப்பு இல்ல, ஆனா ஆப் வந்ததுக்கு அப்புறம் தான் இது ஆச்சு, ரெண்டும் உண்ம.

இப்ப இன்னொவேஷன் கதைக்கு வரேன். காலேஜுக்கு தரம் போடற நாக் டீம் வரப்போகுதுன்னு, எங்க காலேஜுக்குள்ள தரத்த பாத்துக்கற கமிட்டி ஐக்யூஏசில இருந்து சர்க்குலர், ஒவ்வொரு ஸ்டாஃபும் தான் பண்ற புதுமையான கற்பித்தல் முறைய ஒரு பக்கத்துக்கு எழுதி குடுக்கணும், ரெண்டாவது கிரைடீரியாக்கு டீச்சிங், மூணாவதுக்கு ரிசர்ச் இன்னொவேஷன், ஏழாவதுக்கு பெஸ்ட் பிராக்டிஸ்னு எல்லாத்துக்கும் மேட்டர் வேணும். எல்லாரும் அந்த டேப்ப தொறந்து டிபார்ட்மென்ட் பேர போட்டு பட்டன அமுக்கினோம். வந்தத கோர்க்கற வேல எனக்கும் இன்னொரு மேடத்துக்கும். ஒரே மாவுல ஊத்துன இட்லி மாதிரி அத்தன பக்கமும். ஃபிளிப்டு கிளாஸ்ரூம் (பாடத்த வீட்டுல பாத்துட்டு வந்து கிளாஸ்ல பயிற்சி பண்றது), கேமிஃபிகேஷன் (பாடத்த வெளையாட்டா மாத்தறது), திங்க் பேர் ஷேர் (தனியா யோசிச்சு, ஜோடியா பேசி, எல்லார்கிட்டயும் சொல்றது), திரும்ப ஃபிளிப்டு கிளாஸ்ரூம். காமர்ஸ்லயும் அதே, மேத்ஸ்லயும் அதே, கடைசி வரி கூட "மாணவர்களின் ஈடுபாடு கணிசமாக உயர்ந்துள்ளது"ன்னு எல்லாத்துலயும் ஒரே வரி. எந்த மாணவர், எந்த கிளாஸ், எவ்ளோ உயர்ந்துச்சுன்னு ஒருத்தர்கிட்டயும் இல்ல.

இதுல எனக்கு வயிறு எரிஞ்சது எங்க தமிழ் சாரோட பக்கத்த பாத்து தான். அவரு பக்கத்துல "சங்க இலக்கியத்தில் கேமிஃபிகேஷன்"னு வந்துருந்துச்சு. அந்த மனுஷன் வருஷா வருஷம் செகண்ட் இயர் பசங்கள கூட்டிக்கிட்டு தேவனாம்பட்டினம் போய் மீனவர் வீட்டு பெரியவங்ககிட்ட உக்கார வெச்சு, வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு காத்துக்கு என்ன பேரு, எந்த காத்துல எந்த வலைய எறக்குவாங்க, எப்ப கடலுக்கு போக மாட்டாங்கன்னு நோட்டுல எழுதிக்கிட்டு வர சொல்லி அத நெய்தல் பாட்டோட வெச்சு பாடம் நடத்துறவரு. அந்த நோட்டுங்க பீரோ நெறைய இருக்கு. இத விட என்ன சார் புதுமை வேணும், ஏன் எழுதலன்னு கேட்டா "அதுக்கு அந்த ஃபார்ம்ல இடம் இல்லம்மா, டெக்னாலஜி யூஸ்டுன்னு ஒரு கட்டம் இருக்கு, நோட்டுன்னு எழுதுனா சிரிப்பாங்க"ன்னாரு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சண்ட போட்டு அவரு பக்கத்த தூக்கிட்டு அவரயே கையால எழுத சொல்லி வாங்கினோம், அது வேற கத.

இது எங்க காலேஜ் சோம்பேறித்தனம் மட்டும் கெடையாது. 2024ல சயின்ஸ் அட்வான்ஸஸ் ஜர்னல்ல தோஷி, ஹவுசர்னு ரெண்டு பேர் போட்ட ஆய்வு இருக்கு, சிறுகதை எழுத சொல்லி ஒரு பகுதி ஆளுங்களுக்கு மட்டும் ஏஐ ஐடியா குடுத்தாங்க. தனித்தனியா படிச்சா ஏஐ ஐடியா வாங்குனவங்க கத நல்லாருக்குன்னு படிச்சவங்க மார்க் போட்டாங்க, அதுவும் சுமாரா எழுதறவங்களுக்கு நல்ல லாபம். ஆனா எல்லா கதையும் மொத்தமா பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணுக்கொண்ணு ரொம்ப ஒத்து போகுது. ஒரு காலேஜ்க்கு எது முக்கியம்னு யோசிங்க, ஒவ்வொரு ஸ்டாஃப் பக்கமும் தனியா அழகா இருக்கறதா, நாப்பது பேர் நாப்பது விதமா ட்ரை பண்றதா? நாக் டீம் மொத்த ஃபைலையும் ஒண்ணா தான் பொரட்டுவாங்க.

அந்த டேப்லயே பேடன்ட் ஐடியான்னு ஒரு பகுதி இருக்கு. கெமிஸ்ட்ரி, கடலூர் மாவட்டம்னு போட்டேன், பிளாக்செயின் வெச்சு லேப் கெமிக்கல் ஸ்டாக் பாக்கறதுன்னு வந்துச்சு. பாண்டில வேற காலேஜ்ல இருக்கற என் ஃபிரண்ட் அவ டிபார்ட்மென்ட்ட போட்டா அவளுக்கும் பிளாக்செயின், கூடவே மொகம் பாத்து அட்டெண்டன்ஸ். நம்ம பேடன்ட் சட்டத்துல 3வது பிரிவு கே உட்பிரிவு படி வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், அல்காரிதம் இதுக்கெல்லாம் பேடன்ட் கெடையாது, அந்த எச்சரிக்க ஒரு எடத்துலயும் வரல. 2021ல கல்வி நிறுவனத்துக்கு பேடன்ட் ஃபீஸ் 80 சதவீதம் கொறச்சதுல இருந்து எல்லா காலேஜும் ஃபைல் பண்ணி தள்ளுது, சாதாரணமா 18 மாசத்துல பப்ளிஷ் ஆகிடும், கேட்டா அதுக்கு முன்னாடியே கூட ஆகும், பப்ளிஷ் ஆனத கிரான்ட் ஆன மாதிரி வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டுக்கறாங்க. ஆப் இந்த ஆட்டத்த இன்னும் வேகமாக்கும், அவ்ளோ தான்.

லேப் மேனுவல் எழுத இத நம்பாதீங்க, அதுவும் கெமிஸ்ட்ரி ஆளுங்க. தண்ணி கடினத்தன்ம பாக்கற ஈடிடிஏ டைட்ரேஷன், பிளஸ் டூ விட்டு வந்த புள்ளைக்கே ரெண்டாவது வாரத்துல தெரிஞ்சுடும், அமோனியா பஃபர் போட்டு பிஹெச் 10ல வெச்சு எரியோகுரோம் பிளாக் டி போட்டா ஒயின் ரெட், முடியறப்ப நீலம். இந்த ஆப் குடுத்த மேனுவல்ல நீலத்துல இருந்து ஒயின் ரெட்டுன்னு தலகீழா இருந்துச்சு. இங்கிலீஷ் எவ்ளோ அழகுன்னா படிக்கறவங்களுக்கு சந்தேகமே வராது. ரிசர்ச் அசிஸ்டன்ட்டும் அப்டி தான், இல்லாத பேப்பர உண்மையான ஜர்னல் பேரோட, வருஷத்தோட, ஒவ்வொரு பேப்பருக்கும் தனியா இருக்கற டிஓஐ அடையாள நம்பரோட எடுத்து குடுக்கும், டிஓஐய போட்டு தேடினா எங்கயோ மாட்டு தீவனத்த பத்தின பேப்பர் தொறக்குது. அடுத்து எந்த வார்த்த வரும்னு கணக்கு போட்டு எழுதற மெஷின், அது லைப்ரரில போய் பாத்துட்டு வந்து சொல்லலன்னு புரிஞ்சுக்கிட்டா கோவம் வராது, ஆனா ரிசர்ச் அசிஸ்டன்ட்னு பேர் வெச்சு விக்கறப்ப அத அவங்க சொல்லணும்ல.

அடுத்தது டிடெக்டர். இது தான் இந்த பேக்கேஜ்லயே எனக்கு புடிக்காத பகுதி, நிதானமாவே சொல்றேன். எங்க ஹிஸ்டரி சார் குறிஞ்சிப்பாடி பக்கத்து ஆளு, பத்தாவது வரைக்கும் இல்ல, எம்ஏ வரைக்கும் தமிழ் மீடியம். கடலூர் புனித டேவிட் கோட்ட பத்தி அவருக்கு தெரிஞ்ச மாதிரி இந்த ஏரியால யாருக்கும் தெரியாது, கிளைவ் கத ஆரம்பிச்சா பஸ்ஸ விட்டுடுவோம். ஒரு பேப்பர சின்ன சின்ன வாக்கியமா, சுத்தமா அவரே இங்கிலீஷ்ல எழுதுனாரு. டிடெக்டர் பாதிக்கு மேல ஏஐ எழுதுனதுன்னு செவப்பு கலர்ல காட்டிடுச்சு. ரிசர்ச் கமிட்டில கூப்ட்டு விளக்கம் கேட்டாங்க. அந்த மனுஷன் மொகம் சுண்டி போச்சு.

இதுல கொடும என்னன்னா இது தெரிஞ்ச விஷயம் தான். 2023ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு டிடெக்டர எடுத்து இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபெல் பரிட்சைல எழுதுன 91 கட்டுரைய போட்டு பாத்தாங்க, மனுஷங்க எழுதுனத சராசரியா 61 சதவீதம் ஏஐன்னு சொல்லிடுச்சு. சாட்ஜிபிடி பண்ண ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில ஒரு டிடெக்டர் விட்டாங்க, ஏஐ எழுதுனதுல 26 சதவீதத்த தான் புடிக்குதுன்னு அவங்களே சொன்னாங்க, ஜூலைல துல்லியம் பத்தலன்னு எடுத்துட்டாங்க. அமெரிக்கால வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி அதே 2023 ஆகஸ்ட்ல ஏஐ டிடெக்டர ஆஃப் பண்ணி வெச்சுட்டாங்க. இன்னொரு கொழப்பம், யுஜிசியோட 2018 காப்பியடிப்பு ரூல்ல 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டன இல்லன்னு இருக்கறது மத்தவங்க எழுதுனதோட எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற கணக்கு. எங்க கமிட்டில அத ஏஐ சதவீதத்தோட போட்டு கொழப்பி "பத்துக்கு மேல போச்சு சார்"ன்றாங்க. ரெண்டும் வேற வேற சார், வேற வேற.

கடைசில நடந்தது என்னன்னு கேளுங்க. ஹிஸ்டரி சார் தன்னோட சொந்த இங்கிலீஷ, ஏஐ எழுதுன மாதிரி தெரியாம மாத்தி குடுக்கற இன்னொரு ஏஐல போட்டு மாத்தி குடுத்தாரு. டிடெக்டர் பச்ச காட்டிடுச்சு. கமிட்டி கையெழுத்து போட்டுச்சு. அந்த புது வெர்ஷன்ல கோட்டைய பத்தி அவரு எழுதாத ஒரு வரி சேந்துருந்தத அவரு அப்புறம் தான் பாத்து எடுத்தாரு. அதுக்கப்புறம் அவரு இங்கிலீஷ்ல எழுதவே மாட்டேன்னுட்டாரு. புதுமை வளக்கற ஆப் ஒரு ஆள எழுதறத நிறுத்த வெச்சது தான் மிச்சம்.

இவ்ளோ திட்டிட்டேன், அப்ப ஏஐயால ஒண்ணுமே புதுசா நடக்கலயான்னா, நடந்துச்சு, நல்லாவே நடந்துச்சு. ஆனா அது இந்த பேக்கேஜ்ல இல்ல, லாகினே இல்லாத ஒரு ஆளுகிட்ட.

எங்க லேப் அசிஸ்டன்ட் அண்ணா. வீடு தாழங்குடா பக்கம், பெண்ணையாறு கடல்ல சேர்ற எடம். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் கரைய கடந்து, அடுத்து சாத்தனூர் டேம் தண்ணி வந்து ஆறு ரெண்டு கரையும் பொங்கி போச்சே, அதுக்கப்புறம் அவங்க தெரு கெணத்து தண்ணி ருசி மாறிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கெணறு கெணறா உப்பு பாக்கணும்னு அவருக்கு ஆச. தண்ணில கரன்ட் எவ்ளோ பாயுதுன்னு பாத்து உப்ப கணிக்கற கண்டக்டிவிட்டி மீட்டர் லேப்ல இருக்கு, ஆனா ஸ்டாக் ரெஜிஸ்டர் பொருள், வெளிய எடுத்துட்டு போக முடியாது. மனுஷன் ஆன்லைன்ல தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப காட்டற ஒரு டிடிஎஸ் சென்சார், அத ஓட்டற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி ஒரு இஎஸ்பி 32 போர்டு, தண்ணில போடற டெம்பரேச்சர் புரோப் எல்லாம் சொந்த காசுல வாங்கிட்டாரு. கோடிங் சுத்தமா தெரியாது. போன்ல இருக்கற ஃப்ரீ சாட்பாட்ல தமிழ்லயே பேசி பேசி, எந்த ஒயர் எந்த பின்னுக்கு, எர்ரர் வந்தா அத போட்டோ எடுத்து போட்டு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல லேப் மூலைல உக்காந்து ஓட வெச்சுட்டாரு. தண்ணி சூடா இருந்தா கண்டக்டிவிட்டி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்கொறைய 2 சதவீதம், அதுக்கு 25 டிகிரிய வெச்சு சரி பண்ற வரி கூட கோடுல வந்துருந்துச்சு. நானே அசந்துட்டேன்.

ஊருக்கு எடுத்துட்டு போனாரு. மறுநாள் வந்து "மேம், எல்லா கெணத்துக்கும் ஆயிரம் கிட்டயே நிக்குது மேம், அப்பவே டவுட்டு வந்துச்சு, எங்க தெருவுல ரெண்டு கெணறு ஒரே ருசி இருந்ததே இல்ல"ன்னாரு. அந்த சென்சார் 0ல இருந்து 1000 பிபிஎம் வரைக்கும் தான் பாக்கும், அதுக்கு மேல போனா அங்கயே நின்னுக்கும், கடல் தண்ணின்னா 35,000 கிட்ட வரும். சாட்பாட் அத சொல்லல, ஏன்னா இவரும் கேக்கல, கடலோரத்து கெணறுன்னு அதுக்கு தெரியாது. அண்ணா என்ன பண்ணாரு, லேப்ல உப்பு கரைசல் ரெண்டாயிரம் பிபிஎம்க்கு போட்டு பாத்தாரு, அதுக்கும் அதே நம்பர். சந்தேகம் தீந்துச்சு. அப்புறம் 10 மில்லி கெணத்து தண்ணிய பிப்பெட்ல எடுத்து 100 மில்லி ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி பத்து மடங்கு நீர்த்து ரீடிங் எடுத்து பத்தால பெருக்கினாரு. வருஷக்கணக்கா பசங்களுக்கு செஞ்சு குடுத்த கை, அந்த கைக்கு தான் அது தோணும். நம்பர் கெணத்துக்கு கெணறு பிரிஞ்சு வந்துச்சு, அவரு ருசி பாத்து சொன்ன வரிசைலயே.

குடிதண்ணிக்கான இந்திய தர அளவு ஐஎஸ் 10500ல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும்னு இருக்கு. அத வெச்சு தெரு மேப்ல பச்ச மஞ்ச செவப்புன்னு புள்ளி வெச்சாரு. கண்டக்டிவிட்டிய 0.5ஆல பெருக்கி டிடிஎஸ்னு சொல்றது தோராயம் தான், தண்ணிக்கு தண்ணி மாறும், அத நான் சொன்னதும் ரெண்டு மூணு சாம்பிள ஆவியாக்கி வெயிட் பாத்து ஒப்பிட்டும் வெச்சுட்டாரு. இப்ப எங்க ஃபைனல் இயர் பசங்க நாலு பேர் அத தான் புராஜெக்ட்டா பண்றாங்க, கிட் போடறது அண்ணா, தியரி நான். பேக்கேஜ் வந்ததுல இருந்து எங்க காலேஜ்ல நடந்த ஒரே உருப்படியான இன்னொவேஷன் இது தான்னு நான் எந்த மீட்டிங்லயும் சொல்வேன்.

அத அந்த இன்னொவேஷன் டேப்ல ஏத்தலாம்னு போனேன். பேர் போடற எடத்துல லிஸ்ட்ல இருந்து தான் எடுக்கணும், லிஸ்ட்ல ஆசிரியருங்க மட்டும், டெசிக்னேஷன்ல அசிஸ்டன்ட் புரொஃபசர், அசோசியேட், புரொஃபசர், முடிஞ்சுது. சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா "உங்க பிளான்ல டீச்சிங் ஸ்டாஃப் மட்டும் தான் மேடம், நான்-டீச்சிங் (ஆசிரியர் இல்லாத) ஸ்டாஃப் வேணும்னா தனி விலை". என் பேர்ல ஏத்திடுங்கன்னு டிபார்ட்மென்ட்ல ஈசியா சொல்லிட்டாங்க. நான் ஏத்தல. ஆபீஸ் ஸ்டாஃப், லைப்ரரி மேடம் இவங்களுக்கும் இதே கத தான், ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ட ராத்திரி வரைக்கும் உக்காந்து சரி பாக்கறது அவங்க, அவங்களுக்கு ஒரு லாகின் கெடையாது.

தமிழ் எப்டின்னு கேட்டீங்கன்னா, பரவால்ல ரகம். இலக்கணம் தப்பு வராது, ஆனா கிளாஸ்ல யாரும் பேசாத தமிழ். முன்னாடி மாடலுங்க தமிழ எழுத்து எழுத்தா ஒடச்சு படிச்சதால செலவும் அதிகம், லேட்டும் ஆகும், 2024 மே மாசம் வந்த ஜிபிடி 4ஓல தமிழுக்கு அந்த துண்டுங்க 3.3 மடங்கு கொறஞ்சுதுன்னு ஓபன்ஏஐயே டேபிள் போட்டுருந்தாங்க, அதுக்கப்புறம் தான் லேப் அண்ணா மாதிரி ஆளுங்க தமிழ்லயே பேசி வேல முடிக்கற நெலம வந்துச்சு. எங்க பேக்கேஜ்ல வாய்ஸ் கெடையாது, டைப் தான்.

காசு குடுக்காம என்ன இருக்குன்னும் சொல்லிடுறேன். இந்தியால 2025 நவம்பர் 4ல இருந்து சாட்ஜிபிடி கோ பிளான ஒரு வருஷம் ஃப்ரீன்னு விட்டாங்க, அதுக்கு முன்னாடி மாசம் 399 ரூவா. 2025 ஜூலைல ஏர்டெல் சிம்முக்கு பெர்ப்ளெக்சிட்டி புரோ ஒரு வருஷம், அதே வருஷம் ஜியோவுக்கு ஜெமினி புரோ 18 மாசம், காலேஜ் பசங்களுக்கு ஜெமினி புரோ தனியா ஒரு வருஷம்னு ஆஃபர் மேல ஆஃபர், நீங்க படிக்கறப்ப எது இருக்கு எது போச்சுன்னு ஒரு தடவ செக் பண்ணிக்கங்க. கூகுளோட நோட்புக்எல்எம் மட்டும் எல்லா ஸ்டாஃபும் ஒரு தடவ தொறந்து பாருங்க, நாம போட்ட பிடிஎஃப்புக்குள்ள இருந்து தான் பதில் சொல்லும், எந்த பகுதில இருந்து எடுத்துச்சுன்னு காட்டும், ஃப்ரீல ஒரு நோட்புக்குக்கு 50 ஃபைல் வரைக்கும், 2025 ஏப்ரல்ல இருந்து தமிழ்லயும் ரெண்டு பேர் பேசற மாதிரி ஆடியோ பண்ணி குடுக்குது. பஸ்ல வர்ற எங்க பசங்க பாதி பேர் ரிவிஷன் அதுல தான் கேக்கறாங்க. ஆனா பசங்க மார்க் லிஸ்ட், ஜாதி சான்றிதழ், பரிட்சைக்கு முன்னாடி கொஸ்டின் பேப்பர் இதெல்லாம் சொந்த அக்கவுண்ட்ல ஏத்தாதீங்க, 2023லயே டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்தாச்சு. இந்த ஒரு விஷயத்துல தான் காலேஜ் வாங்கி குடுக்கற பேக்கேஜுக்கு நியாயம் இருக்கு, அதுவும் டேட்டா எங்க போகுதுன்னு எழுத்துல குடுத்தா.

மார்க் போடணும்னா கொஸ்டின் பேப்பருக்கு 5க்கு 4, லெசன் பிளான் 3, ரிசர்ச் அசிஸ்டன்ட் 1, டிடெக்டருக்கு மார்க்கே கெடையாது, இன்னொவேஷன் டேப் 5க்கு 1, அந்த ஒண்ணும் ஃபார்ம் அழகா இருக்கறதுக்கு.

டெமோக்கு உங்க காலேஜுக்கு வந்தாங்கன்னா பின் வரிசைல உக்காந்துட்டு வராதீங்க, கேளுங்க. உள்ள எந்த மாடல் ஓடுது, மாறினா சொல்வீங்களா. ரெஃபரன்ஸ் குடுத்தா அது இருக்கற பேப்பரான்னு செக் பண்ணி குடுக்குமா. டிடெக்டர ஆஃப் பண்ணி வாங்கலாமா, விலை கொறையுமா. ஸ்டாஃப் யார் எவ்ளோ நேரம் லாகின்ல இருந்தாங்கன்னு மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட் போகுதா, எங்களுக்கு போகுதுன்னு பாதி செமஸ்டர் தாண்டி தான் தெரிஞ்சுது. லேப், லைப்ரரி, ஆபீஸ் ஆளுங்களுக்கு லாகின் எத்தன. எங்களுக்கு ஜூன்ல ரினியூவல் வருது, நான்-டீச்சிங் ஸ்டாஃபயும் சேத்தா தான் சரின்னு நாங்க நாலஞ்சு பேர் எழுதி கையெழுத்து போட்டு குடுத்துருக்கோம், தமிழ் சார் கையெழுத்து மொத ஆளா. ஐக்யூஏசி மேடம் பாக்கறேன்னு சொல்லிருக்காங்க, என்ன ஆச்சுன்னு இங்கயே அப்டேட் போடறேன்.